மாநாட்டுக்குக் கேட்ட வீடுகள்

எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கொடியில் காயும் துணிகூட சிறிசு பெரிசு வரிசையில் இருக்க வேண்டும். என் தம்பி இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வான். வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பையும் அப்படித்தான் செய்தேன்: ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்டு, வரிசை எண் கொடுத்து, தட்டச்சு செய்து, ஓரம் பிசகாமல் ஊசி குத்தி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் நான் விரிவுரையாளர். மாட வீதியில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் வேலைக்கும் போனவள். லஸ் முனையைத் தாண்டினாலே எனக்கு வெளியூர் போன மாதிரிதான்.

துறையில் நாங்கள் நான்கு பேர். தலைவர் ஒரு அம்மாள். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடையாறில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் தனியாக இருந்தார். தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டி வருவார். அவர் என்ன ஜாதி என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்து வைத்திருந்தேன், எங்கள் தெருவில் எல்லோரும் எல்லோரைப் பற்றியும் தெரிந்து வைத்திருந்த மாதிரி. அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றியதில்லை. தோன்றாமல் இருந்ததற்குக் காரணம் என் நல்ல மனசு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் வரலாறு கற்பிப்பவர்களுக்கு அப்போது ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மாநாடு, ஒவ்வொரு வருஷமும் ஒரு கல்லூரியில். மாநாட்டைத் தன் இடத்தில் நடத்த விரும்பும் கல்லூரி, சங்கத்தின் செயற்குழுவுக்கு எழுத்தில் அழைப்புக் கொடுக்க வேண்டும். மண்டபம் எது, சாப்பாடு எப்படி, வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, குழுவில் ஆளுக்கொரு பிரதி வைத்து, நேரில் போய்ப் பேசவும் வேண்டும். இரண்டு மூன்று கல்லூரிகள் போட்டிக்கு நிற்கும். கிடைத்துவிட்டால் ஒரு மரியாதை உண்டு. அழைத்த கல்லூரியின் துறைத் தலைவர்தான் முதல் நாள் முதல் கட்டுரையை வாசிப்பார். அதை யாரும் மறுக்க முடியாது. மேடத்துக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

அவர் பதினெட்டுக் கோடை விடுமுறைகளைத் தன் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் கழித்தவர். ஒரே வாய்க்காலின் தண்ணீரைப் பல ஊர்க்காரர்கள் முறை வைத்து எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள், யார் வயலுக்கு முதலில் போனது, யாருக்குக் கடைசியில் போனது, யாருக்குப் போகவே இல்லை என்று வீடு வீடாக ஏட்டுச் சுவடிகளையும் பழைய ஓலைகளையும் கெஞ்சி வாங்கிப் படியெடுத்தார். அதைக் கட்டுரையாக்கி மூன்று முறை சங்கத்துக்கு அனுப்பினார். மூன்று முறையும் 'நேரமின்மையால்' என்று திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வொரு மாநாட்டுக்கும் வரவேற்புக் குழுவில் இருக்கும்படி மட்டும் தவறாமல் கடிதம் வரும். வாசலில் நின்று சந்தனம் கொடுக்க, பன்னீர் தெளிக்க. மூன்று முறையும் போய்த் தெளித்துவிட்டு வந்தார். நானாக இருந்திருந்தால் பன்னீர்ச் செம்பைச் சங்கத் தலைவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருந்தது. துறையில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஒருநாள் பாடம் முடிந்து வந்தவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தமாம்மா. ஓரப் பார்வை போயிட்டு. நடுவுல உள்ளதும் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லுதாரு. அதுக்கு மேல அவரு எதுவும் சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குள்ள ஒரு தடவை நானே மேடையில நின்னு வாசிச்சிரணும்" என்றார்.

அன்றிலிருந்து கடிதம், கோப்பு எல்லாவற்றையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். கட்டுரையை மட்டும் அவர் தாமே புதிதாகப் பிரதி எடுக்க ஆரம்பித்தார். மேடையில் பார்த்து வாசிக்க வசதியாக, கறுப்பு மையில், ஓர் எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஒரு தாளுக்கு ஏழெட்டு வரிதான் வரும். மாதங்கள் போகப் போக எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஏழு வரி ஐந்தாயிற்று. அந்தக் கட்டு மேஜை டிராயரில் அடங்காமல் பீரோவுக்குப் போயிற்று.

அழைப்பு அனுப்பத் தீர்மானித்தபோது ஒரு சிக்கல் வந்தது. எங்கள் விடுதி பெண்களுக்கானது. மாநாட்டுக்கு வருகிறவர்களோ முக்கால்வாசி ஆண்கள். எங்களுக்குப் போட்டியாக நின்ற வெளியூர்க் கல்லூரியில் பெரிய விடுதி இருந்தது. வரிசையாகக் கட்டில் போட்டுவிடுவார்கள். என்ன செய்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது மேடம்தான் சொன்னார்.

"கட்டில் எல்லாரும் குடுப்பாங்க. நாம வீடு குடுப்போம். ஒரு வீட்டுல ஒருத்தர், ரெண்டு பேரு. காலையில அந்த வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டு நடந்து வரட்டும். இந்த ஊரு அவங்களுக்கு வேற எப்பத் தெரியும்?"

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வீடுகளைக் கேட்கும் பொறுப்பை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மாட வீதிகள் நாலிலும் எனக்குத் தெரியாத கதவு இல்லை.

முதலில் என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, பேஷா இருக்கட்டும். நம்மளவாளா பாத்து அனுப்பு. அப்பறம் எத்தனை நாள் இருந்தாலும் நேக்கு ஒண்ணும் இல்லை" என்றாள்.

சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். வரிசை எண் ஒன்று.

பிறகு மூன்று வாரம் காலையிலும் சாயங்காலமும் அலைந்தேன். எந்த வீட்டிலும் முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு ஒரே பெருமை. எல்லோரும் காபி கொடுத்தார்கள், எல்லோரும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள். "யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சா தேவலை." "கொல்லை வழியா வந்துண்டு போயிண்டு இருக்கறதுன்னா சரி." "கிணத்தடிக்கு மட்டும் வரப்படாது, ஜலம் நாங்களே எடுத்து வெச்சுடறோம்." குளக்கரை ஓரமாக இருந்த ஒரு மாமா மட்டும், "ஜாதி கீதியெல்லாம் நான் பாக்கறதில்லேம்மா, குறட்டை விடாதவனா ஒருத்தனை அனுப்பு" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதையும் எழுதிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் நாற்பத்தொன்று ஆனதும் தி.நகருக்கும் போனேன். உஸ்மான் ரோடுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீடு, மேடத்தின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு அம்மாள் நான் சொல்லி முடிப்பதற்குள், "மேல்மாடி முழுக்கச் சும்மா கெடக்கும்மா, யாரு வந்தா என்ன, வந்து இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நிபந்தனை ஏதாவது உண்டா என்று இரண்டாம் முறையும் கேட்டேன். நான் கேட்டதே அவருக்குப் புரியவில்லை.

பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்தேன். வரிசை எண், தெரு, எத்தனை பேர் தங்கலாம், குளியலறை வசதி. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. மூலத்தில் இருப்பதை அப்படியே படியெடுக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் கைவைக்கக்கூடாது, சுருக்கக்கூடாது, நம் வார்த்தையில் மாற்றக்கூடாது. சுவடிக்கும் கல்வெட்டுக்கும் இருந்த அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்காரர்கள் சொன்னதற்கும் வைத்துக்கொண்டேன். யார் என்ன சொன்னார்களோ அதை, சொன்ன வார்த்தையிலேயே, குறிப்புப் பத்தியில் தட்டச்சு செய்தேன். ஜவுளிக்கடை வீட்டுக்கு எதிரே 'இல்லை' என்று அடித்தேன். ஸ்டென்சில் தாளில் ஒரு பிழைகூட விழவில்லை. சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி எடுத்து அடுக்கி வைத்தபோது அவ்வளவு திருப்தி. இவ்வளவு விவரமாக யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

இப்போது இதைப் படிக்கிறவர்களுக்கு என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றலாம். எனக்கே தோன்றுகிறது. ஆனால் அன்று அந்தப் பத்தி என் கண்ணை உறுத்தவில்லை. வெங்காயம் சேர்ப்பதில்லை, மாடிப்படி செங்குத்து, இதெல்லாம் எப்படியோ அப்படித்தான் அதுவும். வந்து தங்குகிறவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்றுதான் எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வரிசை எண், தெரு, எத்தனை பேர், குளியலறை. ஒவ்வொரு வீட்டுக்கும் தலையை ஆட்டினார். முடித்தபோது கண் திறந்தார்.

"நாப்பத்திரண்டு வீடாம்மா!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

"கடைசியில குறிப்புன்னு ஒண்ணு இருக்கு மேடம். சின்னச் சின்ன வசதி விஷயந்தான்" என்றேன்.

"அது கெடக்கட்டும். நீ பாத்துட்டேல்லா?"

"பாத்துட்டேன் மேடம்."

மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை வாசிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். வரியைவிட்டு இறங்காமல் போட்டார்.

செயற்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தி.நகரில், பனகல் பார்க் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடியது. லஸ்ஸிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். மேடம் வெண்பட்டு கட்டியிருந்தார். மடியில் பிரதிகளின் கட்டு. ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பேப்பரு இவ்ளோ கீது? பரீட்சையா?"

"பரீட்சைதாம்ப்பா. எனக்கு" என்றார் மேடம். அப்புறம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். பெரிய மாநாடு, அதை எங்கள் கல்லூரியில் நடத்தக் கேட்கப் போகிறோம் என்று.

"உங்களுக்கு இல்லாம யாருக்கு மேடம் குடுப்பானுங்கோ? போய்ட்டு வாங்க, நான் பார்க்காண்டயே நிக்கறேன்."

குழுவில் ஒரு டஜன் பேர் இருப்பார்கள், எல்லோரும் ஆண்கள். வெளியூர்க் கல்லூரிக்காரர் முதலில் பேசினார். கட்டில், மின்விசிறி, ரயில் நிலையத்திலிருந்து பஸ். பிறகு மேடம் எழுந்தார். கையில் தாள் இல்லாமல் பேசினார். கட்டிலுக்குப் பதிலாக வீடு என்றபோது இரண்டு மூன்று பேர் சிரித்துத் தலையாட்டினார்கள். ஒருவர் 'பலே' என்றே சொன்னார். அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிறார் என்பது அவர்களுக்கும் தெரியும். கிடைத்துவிட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன். மேடம் உட்கார்ந்து என் கையை மேஜைக்கு அடியில் ஒருமுறை அழுத்தினார்.

அப்போதுதான் எதிர்வரிசை ஓரத்தில் இருந்த ஓர் ஆசிரியர் எழுந்தார். வட ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், ஒல்லியாக, கதர்ச் சட்டை. மேடத்தைவிட வயது கூட இருக்கும். எங்கள் பட்டியலை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவர் அவர்களே, இதில் குறிப்பு என்கிற பத்தியை மட்டும் நான் வாசிக்க அனுமதி வேண்டும்" என்றார்.

தலைவர் கையசைத்தார். அவர் வாசித்தார். குரலை உயர்த்தவில்லை. ஏற்ற இறக்கம்கூட இல்லை. பரீட்சை ஹாலில் நம்பர் கூப்பிடுகிற மாதிரி.

"வரிசை எண் ஒன்று. நம்மளவாளா பாத்து அனுப்பு. வரிசை எண் இரண்டு. யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சா தேவலை. வரிசை எண் மூன்று. கொல்லை வழியா வந்துண்டு போயிண்டு இருக்கறதுன்னா சரி."

முதலில் ஓரிரண்டு பேர் சிரித்தார்கள், மயிலாப்பூர்ப் பேச்சை அவர் அப்படியே வாசித்ததற்காக. ஏழாவதாகவோ எட்டாவதாகவோ குறட்டை மாமா வந்தார். அதற்குக் கொஞ்சம் பலமாகவே சிரித்தார்கள். வாசிக்கிறவர் சிரிக்கவில்லை. பதினைந்து தாண்டியபோது ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கிணத்தடிக்கு வரப்படாது. உள் பக்கம் வராதவாளா இருக்கணும். தட்டு டம்ளர் தனியா வெச்சுடறோம், அதுல ஒண்ணும் தப்பா நெனச்சுக்கப்படாது.

மேடத்தை நான் பார்த்தேன். அவரால் தாளில் இருந்த சின்ன எழுத்தை வாசிக்க முடியாது. குரல் வருகிற திசையில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். அதைத் தன் வாழ்க்கையில் முதல் முறையாக, தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் பகுதியாக, அத்தனை பேர் நடுவில் கேட்டார்.

நாற்பத்திரண்டையும் வாசித்துவிட்டு அந்த ஆசிரியர் பட்டியலை மடித்தார். "நாப்பத்திரண்டுக்கு எதிரே 'இல்லை'ன்னு இருக்குது. எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து நிற்க வேண்டிய நேரம் அது. 'இது நான் செய்தது, மேடத்துக்கு இது தெரியாது, அவருக்குக் கண் தெரியவில்லை' என்று மூன்று வாக்கியம். நான் எழவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்த நிமிஷத்தில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை, அந்த மனிதர் மேல் கோபம்தான் வந்தது. காரியத்தைக் கெடுக்க வந்துவிட்டாரே என்று.

மேடம் எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பட்டியலில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னுடையது. ஐயா அவர்களிடமும் குழுவினரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியின் அழைப்பைத் திரும்பப் பெறுகிறேன்."

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ரிக்‌ஷாக்காரர் சொன்னபடி பார்க் ஓரத்தில் நின்றிருந்தார்.

"மாநாடு கெடச்சிச்சா மேடம்?"

"இல்லப்பா."

"வுடுங்க மேடம், அடுத்த வருசம் கேட்டுக்கலாம்" என்று ஏறி மிதித்தார்.

தேனாம்பேட்டை தாண்டியபின் மேடம் கேட்டார்.

"வரிசை எண் ஒண்ணு யாரு வீடும்மா?"

"எங்காம் மேடம்."

தலையை ஆட்டினார். எனக்கு வேலை நிரந்தரமானபோது ஒருநாள் அவரை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மா முகம் மலரக் காபி கொடுத்தாள். அவர் போனபின் அந்த டம்ளர் சமையலறைக்குத் திரும்பவில்லை. கொல்லைக் குழாயடி மாடத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன், தாண்டிப் போனேன். அந்த ரிக்‌ஷாவில்தான் அது திரும்ப என் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்கம்மா குடுத்த காப்பி நல்லா இருந்துச்சு அன்னிக்கி" என்றார் மேடம். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிறகு, "மாநாட்டுக்கு வெளியூர்லேர்ந்து வர்ற ஆளா நான் இருந்திருந்தா, என்னை எந்த வீட்டுலம்மா போட்டிருப்பே?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. பட்டியல் முழுவதும் எனக்கு மனப்பாடம். அவருக்கு எது பொருந்தும் என்று ஒரு நொடியில் ஓடிப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற பெண்ணைப் போலப் பதில் சொன்னேன்.

"தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுல, மேடம்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. நாற்பத்தோரு வீடுகளிலிருந்து, என் வீடு உட்பட, அவரை நானே ஒரு நொடியில் வெளியே நிறுத்தியிருந்தேன். நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. லஸ்ஸில் என்னை இறக்கிவிட்டு, அடையாறு பஸ் நிற்கும் இடத்துக்கு ரிக்‌ஷாவை ஓட்டச் சொன்னார்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நாம என்னடி தப்பாச் சொன்னோம்? ஆத்துல இடம் தரோம்னுதானே சொன்னோம்?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவள் சொன்னாள், அவ்வளவுதான். கோடு போட்டு வரிசை எண் கொடுத்தது நான்.

மாநாடு அந்த வெளியூர்க் கல்லூரிக்குப் போயிற்று. மேடம் அதற்குப் போகவில்லை. வரவேற்புக் குழுக் கடிதம் வழக்கம்போல வந்தது. அதை நான்தான் வாசித்தேன். கோப்பில் வைக்கச் சொன்னார். மற்றபடி என்னிடம் முன்பு போலவே பேசினார், வேலை சொன்னார், சாப்பிட்டாயா என்று கேட்டார். ஒரே ஒரு மாற்றம். கடிதங்களை நான் வாசித்து முடித்தபின், "அவ்வளவுதானா?" என்று கேட்பார். முன்பெல்லாம் கேட்டதில்லை. அவ்வளவுதான் மேடம் என்பேன்.

வட ஆற்காட்டு ஆசிரியர் மேல் இருந்த கோபம் தணிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எத்தனை ஊர்களில் எத்தனை கொல்லை வாசல்களில் அவர் காத்து நின்றிருப்பார் என்று யோசிக்கவே எனக்கு அவ்வளவு நாள் வேண்டியிருந்தது. ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. ஒழுங்காக எழுதியிருந்தேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

மேடம் ஓய்வு பெற்ற மறு வருஷம் அடையாறுக்குப் போய் அவரைப் பார்த்தேன். பின் போர்ஷனின் கதவைத் திறந்தவர் என் குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். நடுப் பார்வையும் போயிருந்தது. காபி போட்டு வைத்திருந்தார், கைத்தடவலிலேயே அவருக்கு எல்லாம் பழகியிருந்தது. தான் குடிக்கும் டம்ளருக்கு ஜோடியான ஒன்றில் எனக்குக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை அவர் பார்க்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் அந்தக் கட்டு இருந்தது. கட்டுரையின் பெரிய எழுத்துப் பிரதி. மேல் தாளில் மூன்றே வரி. ஒவ்வோர் எழுத்தும் என் உள்ளங்கை அளவு. அதற்கு மேல் எழுத்தைப் பெரிதாக்கித் தாளில் பயனில்லை என்று அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். இன்னும் பாதிக் கட்டுரை படியெடுக்காமல் பழைய நோட்டுகளில் கிடந்தது.

அவர் அதைத் தொட்டு ஓரத்தைச் சரிசெய்தார்.

நான் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். "மேடம், வாரா வாரம் நான் வரேன். மூலம் எல்லாத்தையும் வாசிக்கறேன், நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன். இந்தத் தடவை சங்கத்துக்கு அனுப்பலாம். நீங்க பக்கத்துல உக்காந்துக்கோங்கோ, மேடையில நான் வாசிக்கறேன்."

அவர் என் கை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார். கோபமே இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"வேண்டாம்மா. நீ சிலத விட்டுட்டு வாசிச்சிருவே."